மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்: மீயன் பள்ளத்தாக்கில் கிராவல் பைக்கோடு தனியாக

இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ப்ஷயரில், சாக் (chalk) எனும் மிருதுவான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஓடும் சின்ன ஆறுகளின் பக்கம் சைக்கிள் ஓட்ட ஆசைப்படும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். சவுத்தாம்ப்டன், பேசிங்ஸ்டோக், ரெடிங் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் முதலில் ரோட் பைக் வாங்குகிறார்கள். கார்களுக்குப் பயந்து கொஞ்ச நாளில், மண்பாதையிலும் ஓடும் தடித்த டயர் கொண்ட கிராவல் பைக்குக்கு மாறுகிறார்கள். பிறகு ஊருக்கு வெளியே மண்பாதை தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். 2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீயன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தனியாக நான் பட்ட பாட்டையும், அதற்கு ஆன 317 பவுண்டு செலவையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரே ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும், அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். சாக் பாறை நாட்டில் வானத்தைப் பார்த்துப் பாதையைத் தீர்மானிக்க முடியாது, நிலத்தடி நீரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்த விஷயம். ஆனால் அது ஒரு நாள் முழுக்க என்னவெல்லாம் செய்தது என்று விவரமாகச் சொன்னால்தான் அதன் கனம் புரியும்.

என் திட்டம் எளிமையானது. சவுத்தாம்ப்டனிலிருந்து ரயிலில் வின்செஸ்டர். அங்கே இட்சென் ஆற்றங்கரையில் தொடங்கும் சவுத் டவுன்ஸ் வே என்ற நெடும்பாதை வழியாகக் கிழக்கே குன்றுகளின் மேல் ஏறி, சீஸ்ஃபுட் ஹெட், பீக்கன் ஹில் தாண்டி எக்ஸ்டன் கிராமத்தில் மீயன் பள்ளத்தாக்குக்குள் இறங்குவது. அங்கிருந்து பழைய ரயில் பாதையான மீயன் வேலி டிரெயிலில் தெற்கே விக்கம் வரை. விக்கத்திலிருந்து தார்ச்சாலையில் ஃபேரம் ஸ்டேஷன், மறுபடி ரயில், வீடு. மொத்தம் 40 கிலோமீட்டர் சொச்சம். பாதை போட்டுக்கொடுத்த செயலி மூன்று மணி நேரத்துக்குள் முடியும் என்றது, முக்கால்வாசி பாதைக்கு ‘கிராவல்’ என்று நிறமும் தீட்டிக் காட்டியது. மேலே கருத்து எழுதியிருந்தவர்கள் எல்லாரும் அருமை, அற்புதம் என்றிருந்தார்கள். அந்தக் கருத்துகளுக்குக் கீழே இருந்த தேதிகளைப் பாருங்கள் என்பது நான் இப்போது எல்லாரிடமும் சொல்லும் முதல் யோசனை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். மார்ச்சில் அங்கே போய்விட்டு வந்து ஒருவரும் எழுதவில்லை. செயலிக்குப் பாதையின் வடிவம் தெரியும், பருவம் தெரியாது.

காலை வெயில் அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பெய்த மழையை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 அக்டோபரில் பாபெட் புயல், நவம்பரில் கியாரன், 2024 புத்தாண்டு முடிந்த மறுநாள் ஹென்க். 2022 அக்டோபரிலிருந்து 2024 மார்ச் வரையான 18 மாதங்கள், 1836 முதல் உள்ள கணக்கில் இங்கிலாந்தின் மிக ஈரமான 18 மாதங்கள் என்று பிறகு வானிலைத் துறை சொன்னது. அதனால்தான் நான் சில நாட்கள் மழையில்லாமல் போகட்டும் என்று காத்திருந்து கிளம்பினேன். தெருவெல்லாம் காய்ந்திருந்தது, வீட்டுப் பின்தோட்டத்துப் புல்லும் காய்ந்திருந்தது. வின்செஸ்டரில் இட்சென் ஆறு கரை தொட்டு ஓடினாலும் அடியில் ஆடும் பாசி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. வெள்ளம் என்றால் செந்நிறமாகக் கலங்கி வரும் என்று பழகிய கண்ணுக்கு அந்தத் தெளிவு தைரியம் கொடுத்தது.

மேலே ஏறியதும் முதல் ஒரு மணி நேரம் சுகம்தான். சீஸ்ஃபுட் ஹெட்டில் நின்று பார்த்தால் கீழே இயற்கையாகவே கிண்ணமாகக் குழிந்த மேட்டர்லி பவுல் தெரியும். 1944-இல் நார்மண்டிக்குப் போகும் முன் அமெரிக்கப் படைவீரர்களிடம் நேச நாட்டுத் தளபதி ஐசன்ஹோவர் பேசிய இடம். அங்கிருந்து கிழக்கே பாதை வெள்ளையாக, அகலமாக, சாக் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லுமாக நீண்டு கிடக்கிறது. இந்தச் சிக்கிமுக்கிக் கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாக் பாறைக்குள் கட்டிகட்டியாக விளையும் இந்தக் கல் உடைந்தால் விளிம்பு கத்திபோலக் கூர்மையாக இருக்கும்; கற்கால மனிதன் ஆயுதம் செய்தது இதில்தான். மழை சாக்கைக் கரைத்துக்கொண்டு போக, கல் மட்டும் மேலே நிற்கும். அதனால் நீண்ட ஈரக் காலத்துக்குப் பிறகு பாதையில் புதிதாக எழும்பிய கூர் விளிம்புகள் நிறைய. என் பின் டயரின் பக்கச்சுவரை அப்படி ஒரு கல் விரல் நீளத்துக்குக் கிழித்தது. டியூப்லெஸ் டயர், உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் இருந்தது, அது வெள்ளையாகப் பீய்ச்சி என் முதுகெல்லாம் அடித்து முடிந்தது. ஓட்டை போட்டால் அடைக்கும் சீலன்ட், கிழிசலை அடைக்காது. பிளக் என்ற ரப்பர் துண்டை வைத்து அடைத்தால் காற்று ஏற ஏறப் பிதுங்கி வெளியே வந்தது.

பையில் ஒரு டியூப் இருந்தது. ஆனால் கிழிந்த டயருக்குள் வெறும் டியூப் போட்டால் அது கிழிசல் வழியாகப் புடைத்து வெடித்துவிடும், உள்ளே ஒரு ஒட்டு வைக்க வேண்டும். பத்துப் பைசா பெறாத சாமான் அது, என்னிடம் இல்லை. சாக்லேட் சுற்றியிருந்த உறையை மடித்து வைத்து, மெதுவாகக் காற்றடித்து, கை நடுங்க அரை மணிக்கு மேல் அங்கேயே போயிற்று. இந்தப் பக்கம் வருகிறவர்கள் பழைய டயரிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி இருக்கைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பக்கச்சுவர் கெட்டியான வகையாக வாங்குங்கள். எடை குறைவு என்று மெல்லிய சுவர் டயரைக் கடைக்காரர்கள் காட்டுவார்கள். சாக் குன்றுகளுக்கு அது ஆகாது. சீலன்ட் சில மாதங்களில் உள்ளேயே உலர்ந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கிளம்பும் முன் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், தளும்பும் சத்தம் கேட்க வேண்டும்.

குன்றின் உச்சிகளில் சில இடங்களில் சாக்குக்கு மேல் களிமண் படிந்திருக்கிறது, உள்ளே சிக்கிமுக்கிக் கல்லும் கலந்திருக்கும். கீழே எவ்வளவு வடிந்தாலும் இந்த மேல்களிமண் வடியாது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அது அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது. குச்சியால் தோண்டித் தோண்டித் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு நல்ல யோசனை சொல்கிறேன். அப்படி அடைத்த நிலையில் பலமாக மிதிக்காதீர்கள், இறங்கிவிடுங்கள். களிமண்ணோடு ஒரு குச்சியும் புல்லும் சங்கிலிக்குள் போனால் பின் கியரைப் பிடித்து இழுத்துவிடும். எனக்கு அது அங்கே ஆகவில்லை, பிறகு ஆனது.

பீக்கன் ஹில் அருகே நடப்பவர்களுக்கு ஒரு வழி, சைக்கிளுக்கும் குதிரைக்கும் வேறு வழி என்று பிரிகிறது. வழிப்பலகையைக் கவனித்துப் போக வேண்டும். இறக்கத்தில் ஈரச் சாக் வெளியே தெரிந்த ஒரு இடத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன், அவ்வளவுதான். சோப்புக் கட்டியை மிதித்தது போல முன்சக்கரம் பக்கவாட்டில் போய்விட்டது. இடது இடுப்பும் முழங்கையும் தரையில். வெள்ளையாகப் பளபளக்கும் சாக் தெரிந்தால் அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் பிரேக்கும் பிடிக்காமல் திருப்பவும் செய்யாமல் நேராக உருண்டு போக வேண்டும். பிரேக் பேட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாக் குழம்பில் கல்தூள் கலந்து உப்புத்தாளாகத் தேய்க்கிறது. காலையில் பாதிக்கு மேல் இருந்த என் ரெசின் பேடுகள் சாயங்காலம் உலோகம் உலோகத்தில் உரசும் நிலைக்கு வந்திருந்தன. ஈரக் காலத்தில் உலோகப் பொடி கலந்த பேடு போடுங்கள், கூடவே ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். மாற்ற ஐந்து நிமிடம் ஆகும், அது இல்லாமல் 200 மீட்டர் உயரக் குன்றிலிருந்து இறங்குவது உயிர் விளையாட்டு.

எக்ஸ்டனில் கீழே வந்து சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. ஆற்றைக் கடந்து பழைய ரயில் பாதைக்கு ஏறும் வழியில் திரும்பினேன். அங்கே பாதையைக் காணோம். இரண்டு பக்கமும் வேலி, நடுவே பாதை அகலத்துக்கு ஒரு ஓடை. சேறு இல்லை, கலங்கல் இல்லை. கண்ணாடித் தெளிவில் அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது, மேலே நீல வானம். அழகாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கணுக்கால் ஆழம்தான் என்று கண் சொன்னது, இறங்கினால் முழங்காலைத் தொட்டது. தெளிந்த நீர் உண்மையான ஆழத்தைக் குறைத்தே காட்டும். நடுவில் மாட்டு வண்டித் தடம்போல டிராக்டர் தோண்டிய பள்ளம் வேறு. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக்கம்பியைப் பிடித்தபடி நடந்தேன். சாக் ஊற்று நீர் கோடையிலும் குளிரிலும் 10, 11 டிகிரியிலேயே இருக்கும். கேட்க மிதமாகத் தோன்றும், ஆனால் பத்து நிமிடம் அதில் நின்று நடந்தால் கால்விரல்கள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மறுகரை ஏறி, மேட்டில் உட்கார்ந்து காலுறையைப் பிழிந்தபோது எனக்கு வந்தது கோபம்தான். மழையே இல்லை, எங்கிருந்து இத்தனை தண்ணீர்?

அதற்கு விடை பிறகு கிடைத்தது, இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சாக் பாறை முழுக்க நுண்துளையும் வெடிப்பும். குன்றின் மேல் விழும் மழை ஓடி வடியாமல் உள்ளே இறங்கிவிடுகிறது, அதனால்தான் குன்றுகளின் மேல் ஓடைகளே இல்லை. இறங்கிய நீர் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நகர்ந்து, நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்திக்கொண்டே போகிறது. அது பள்ளத்தாக்கின் தரையைத் தொடும்போது எங்கே பள்ளமோ அங்கே ஊற்றாக வெளியே வருகிறது. வயலில், பாதையில், வீட்டுத் தரையில்கூட. உலகத்தில் உள்ள சாக் ஓடைகளே சில நூறுதான், அவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்தில் இருக்கின்றன. அவை இப்படித் தெளிவாக ஓடுவதற்கும், மழை நின்ற பிறகு வெள்ளம் வருவதற்கும் காரணம் ஒன்றே, நீர் பாறை வழியாக வடிகட்டி வருகிறது. மீயனுக்குப் பக்கத்து ஹாம்பிள்டன் கிராமத்தில் 2014 தொடக்கத்தில் இதேபோல நிலத்தடி நீர் எழும்பி வாரக்கணக்கில் தெருவில் ஓடியது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு அந்த ஊர் தெரிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் கிரிக்கெட்டின் தலைமையிடமே அதுதான், 1777-இல் இங்கிலாந்து அணியையே இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்ற ஊர்.

எக்ஸ்டனிலிருந்து மேலே ஏறி ரயில் பாதையைப் பிடித்தேன். இனிச் சிரமம் முடிந்தது என்றுதான் இருந்தது மனதில். மீயன் பள்ளத்தாக்கு ரயில் 1903-இல் ஆல்டனிலிருந்து ஃபேரம் வரை திறந்தது, 1955-இல் பயணிகள் வண்டி நின்றது. வெஸ்ட் மீயனிலிருந்து விக்கம் வரை சுமார் 17 கிலோமீட்டர் இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் பொதுவான பாதை. ரயில் போன வழி என்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. வழியில் வரும் டிராக்ஸ்ஃபோர்டு ஸ்டேஷனில்தான் 1944 ஜூனில், நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய டி-டேக்கு முந்தைய நாட்களில், சர்ச்சில் தன் ரயிலை நிறுத்தி வைத்து உட்கார்ந்திருந்தார், பிரெஞ்சுத் தலைவர் டி கோலும் அங்கே வந்து அவரைப் பார்த்தார். இப்படிப்பட்ட பாதை மட்டமாகவும் கெட்டியாகவும்தான் இருக்கும் என்று யாருமே நினைப்பார்கள். அது பாதி நிஜம். ரயில் பாதைக்கு இரண்டு முகம் உண்டு. பள்ளமான நிலத்தில் மண்ணைக் குவித்து மேடு கட்டியிருப்பார்கள், மேடான நிலத்தில் வெட்டி வழி விட்டிருப்பார்கள். கட்டிய மேட்டில் காற்றும் வெயிலும் பட்டு, குளிர்காலத்திலும் ஓட்ட முடிகிறது. வெட்டிய பள்ளத்தில் இரண்டு பக்கமும் உயரக் கரை, மேலே மரங்கள் மூடியிருக்கும், வெயில் இறங்காது, கரையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். புயலில் ஒடிந்த கிளைகளும் அங்கேதான் வந்து விழுகின்றன. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் மேடும் வெட்டும் சின்னச் சின்னக் கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கும். கோடுகள் எந்தப் பக்கம் சரிகின்றன என்று வீட்டிலேயே பார்த்துவிட்டால், எந்த ஒரு கிலோமீட்டர் சேறாக இருக்கும் என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். இதை எந்தச் செயலியும் எனக்குக் காட்டவில்லை.

வெட்டுப் பள்ளம் ஒன்றில், அழுகிய இலைக்கு அடியில் மறைந்திருந்த குச்சி ஒன்று சக்கரத்தோடு எழும்பி, கியர் மாற்றும் பின் டிரெய்லியருக்குள் போனது. ஒரு நொடிச் சத்தம். ஹேங்கர் ஒடிந்து, டிரெய்லியர் மேலே சுழன்று ஆரக்கம்பிகளுக்குள் சொருகிக்கொண்டது. ஹேங்கர் என்பது டிரெய்லியரைச் சட்டத்தோடு பிணைக்கும், ஒடிவதற்காகவே செய்த மெல்லிய உலோகத் துண்டு, சட்டத்தைக் காப்பாற்ற அது தன்னைக் கொடுக்கும். மாற்று ஹேங்கர் கையில் இருந்தால் ஓரளவு சரிசெய்து ஊர் சேரலாம். ஆனால் ஒவ்வொரு சைக்கிள் மாடலுக்கும் அதன் வடிவம் வேறு, வழியில் உள்ள எந்தக் கடையிலும் கிடைக்காது. சைக்கிள் வாங்கும் அன்றே இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியைக் கழற்றும் கருவியும், அதை மறுபடி இணைக்கும் ஒரு குயிக் லிங்க்கும் இருந்தால் சங்கிலியைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டலாம் என்பதும் உண்மை. என் கை குளிரில் விறைத்திருந்ததால் சங்கிலியின் ஆணியைத் தள்ளக்கூட பலம் வரவில்லை. கருவி எடுத்துப் போவதோடு, அதைப் பிடிக்க உலர்ந்த கையுறை ஒரு ஜோடி பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

போனில் சிக்னல் இல்லை. மார்ச் தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; மரங்கள் மூடிய வெட்டுப் பள்ளத்தில் ஐந்து மணிக்கே மங்கல். அந்த நேரத்து மனநிலையை மறைக்காமல் எழுதுகிறேன். அடிபட்ட இடுப்பு வலித்தது, கால் ஈரம், முன்னும் பின்னும் ஒரு மனிதர் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, மேலே ஏறி ஏதோ ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்ற நினைப்பே பெரிய தயக்கமாக இருந்தது. சேறு அப்பிய, வேற்று முகம் உள்ள ஒரு ஆள் இருட்டுகிற நேரத்தில் கிராமத்து வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தபடியே ஒரு மைலுக்கு மேல் சைக்கிளைத் தூக்கியும் தள்ளியும் நடந்தேன். வீடுகள் தென்பட்ட பிறகும் இரண்டு வாசல்களைத் தட்டாமல் தாண்டிவிட்டேன். மூன்றாவது வீட்டுத் தோட்டத்தில் ஒரு வயதான அம்மா செடிக்கருகே நின்றிருந்தார், அவரே கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். தேநீர் கொடுத்தார், வீட்டுத் தொலைபேசியைக் கொடுத்தார். நான் வந்த வழியைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. “மழை பெய்யும் அன்று எங்களுக்குக் கவலை இல்லை. நின்ற பிறகுதான் தோட்டத்துக் கடைசியில் தண்ணீர் தெரிகிறதா என்று தினமும் போய்ப் பார்ப்போம்” என்றார். பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. வெளியூர்க்காரனுக்குச் சொல்ல யாருமில்லை, அவ்வளவுதான். தயங்காமல் முதல் கதவையே தட்டுங்கள் என்று எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் இந்தக் காலத்தில் ரயிலே ஓடுவதில்லை என்பதன் பொருள் அப்போதுதான் உறைத்தது. ஞாயிறு மாலை பேருந்து கிடையாது. டாக்சிக்காரர்கள் சைக்கிள் என்றதும் மறுத்தார்கள், சேற்றுச் சைக்கிள் என்றதும் போனை வைத்துவிட்டார்கள். கடைசியில் வேன் வைத்திருந்த ஒருவர் 60 பவுண்டுக்கு ஃபேரம் வரை வந்தார். வீட்டுக்குப் பேசியபோது மனைவி, “என்னங்க, நாலு மணியிலிருந்து அடிக்கிறேன், போலீசுக்குச் சொல்லலாமான்னு கையில போனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றாள். அவளிடம் போகும் வழியும், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது எவ்வளவு அவசியம் என்பது அவள் குரலில் தெரிந்தது. இப்போது கிளம்பும் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். இன்னொன்று, பிரிட்டனில் 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999-க்கு அனுப்பினால் பதில் வரும். பேச முடியாத அளவு மெலிந்த சிக்னலிலும் குறுஞ்செய்தி சில நேரம் போய்ச் சேரும். இதைப் படிக்கும்போதே செய்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு இது. டயர் 48, டியூப், சீலன்ட், பிளக் எல்லாம் 20, டிரெய்லியர் 86, ஹேங்கர் 22, முன்பின் பேடுகள் 36, மெக்கானிக் கூலி 45, டாக்சி 60. ஆகமொத்தம் 317 பவுண்டு. சைக்கிளைக் கழுவாமல் இரவு அப்படியே விட்டதில் சாக் குழம்பு காய்ந்து பிரேக் கேலிப்பரில் இறுகிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்கவே கூலியில் ஒரு பகுதி போயிற்று. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் குழாய்த் தண்ணீரை ஒருமுறை ஊற்றிவிட்டுப் படுங்கள், காயும் முன் ஊற்றினால் ஓடிவிடும். தண்ணீர் பாட்டிலின் வாய்க்கு மூடி உள்ள வகையை வாங்குங்கள். நிலத்தடி நீர் எழும்பும்போது கிராமத்துச் சாக்கடைக் குழாய்களுக்குள்ளும் புகுந்து நிரம்பி வழியும், மாட்டுச் சாணமும் கலக்கும். பாதையில் ஓடும் நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது வாய்க்குப் போகக் கூடாது.

அதற்குப் பிறகு நான் பாதை தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. சாக் நாட்டில் நிலத்தடி நீர் பொதுவாகக் குளிர்காலக் கடைசியில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, உச்சத்தில் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் அடியில் இருக்கும். அதனால் அக்டோபரில் ஒரு வாரம் மழை பெய்தால்கூட பள்ளத்தாக்கின் அடிப்பாதை தாங்கும், மார்ச்சில் பத்து நாள் வெயிலடித்தாலும் தாங்காது. சுற்றுச்சூழல் முகமையின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் ஆற்று வெள்ளத்துக்கு ஒன்று, நிலத்தடி நீர் வெள்ளத்துக்கு வேறொன்று என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். கிணற்று நீர்மட்ட வரைபடங்களும் பொதுவில் கிடைக்கின்றன. இதே குன்றுத்தொடரில் கிழக்கே சில்குரோவ் என்ற இடத்துக் கிணற்றில் 1836 முதல் அளந்து வருகிறார்கள், உலகத்திலேயே மிக நீண்ட பதிவுகளில் ஒன்று அது. கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் நான் பள்ளத்தாக்கின் அடிக்குப் போவதில்லை, தார்ச்சந்துகளில் ஓட்டுகிறேன்.

ஆற்றோரமாகவே ஓட்ட வேண்டும் என்ற ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாக் ஓடைகளின் கரை பெரும்பாலும் தனியார் மீன்பிடி உரிமை, விலை மிக அதிகம், பொது வழி அரிது. இருக்கிற ஆற்றோரப் பாதையும் பல இடங்களில் ஃபுட்பாத் மட்டும். மஞ்சள் அம்பு போட்டிருக்கும், அதில் சைக்கிளுக்கு உரிமை இல்லை. நீல அம்பு போட்ட குதிரைப் பாதையான பிரைடில்வேயில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளுக்கு இடம் கொடுத்தது, ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் நாம்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். கருஞ்சிவப்பு, சிவப்பு அம்பு உள்ள பைவே என்ற மண்சாலைகளிலும் போகலாம், அவற்றில் சில ஜீப்புகள் உழுது குழியாக இருக்கும். ஆற்றைப் பாலத்தில் கடந்து போங்கள். பிரவுன் டிரவுட் மீன்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை ஆற்றுக் கூழாங்கற்களுக்கு அடியில் முட்டையிடுகின்றன, வசந்தம் வரை அவையும் குஞ்சுகளும் அங்கேதான் இருக்கும். ஆழமில்லாத இடத்தில் சைக்கிளை இறக்கி விளையாடினால் அத்தனையும் நசுங்கும். சைக்கிளை ஆற்றில் கழுவவும் கூடாது. சங்கிலி எண்ணெய் தண்ணீரில் கலக்கும், வேறு ஆற்றிலிருந்து சேற்றோடு வந்த வேற்றுச் செடியும் பூச்சியும் இங்கே குடியேறிவிடும். இப்படி ஓடைகள் உலகத்தில் சில நூறுதான் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஒழுங்கு கஷ்டமாகத் தெரியாது.

மீயனுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மே முடிவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை போங்கள். முதல் முறை போகிறவர்கள் குன்றுப் பாதையையும் ரயில் பாதையையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம். விக்கத்தில் தொடங்கி டிராக்ஸ்ஃபோர்டு வழியாக வெஸ்ட் மீயன் வரை ரயில் பாதையில் போய், அதே வழியில் திரும்பினால் 35 கிலோமீட்டருக்குள் முடியும். பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் ஏ32 சாலையைக் குறுக்குவழி என்று எடுக்காதீர்கள், மோட்டார் பைக்குகள் பறக்கும் வளைவுச் சாலை அது. கோடையில் உயரப் புல்லுக்குள் நடந்தால் உண்ணி ஏறும், அது லைம் நோயைக் கொண்டுவரலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம் பார்த்துவிடுங்கள். நெரிசல் நேரத்தில் சில ரயில்களில் சைக்கிளை ஏற்ற மாட்டார்கள், திரும்பும் நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். பெரிய வண்டி வைத்து சைக்கிளையும் ஏற்றும் டாக்சி எண் ஒன்றை விக்கத்திலோ ஃபேரத்திலோ முன்கூட்டியே பேசி, காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் நனைந்து அணைந்துவிட்டால் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.